வெறும் வயிற்றில் 97, ஏ1சி 6.0: எதை நம்புவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களுக்கும் புரியும். வயது 36. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. உயரம் 168 செ.மீ., எடை 71 கிலோ, இடுப்புச் சுற்று 96 செ.மீ. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, அம்மாவுக்கு இல்லை. கம்பெனியில் நடந்த செக்கப் கேம்ப் ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 97, எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது, சுருக்கமாக ஏ1சி) 6.0, ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 212, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 36, எஸ்ஜிபிடி (கல்லீரல் நொதி) 58, இன்சுலின் 16, ஹீமோகுளோபின் 14.6. சர்க்கரைக்கு நேரே ‘நார்மல்’ என்றும் ஏ1சிக்கு நேரே ‘ப்ரீடயாபடீஸ்’ என்றும் அச்சாகியிருக்கிறது. எதை நம்புவது, வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச்சர்க்கரைக்கு மாறி, மத்தியானம் கம்பங்கூழ் குடிக்க ஆரம்பித்துவிட்டேன், இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்கள் மனதில் இருப்பது, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா, வராமல் தடுக்க வழி உண்டா என்பதுதான். அதற்கே பதில் எழுதுகிறேன்.

இந்த ரிப்போர்ட்டின்படி உங்களுக்கு இப்போது சர்க்கரை நோய் இல்லை. ஆனால் அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏ1சி ஒன்றை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. ட்ரைகிளிசரைடு, எச்டிஎல், எஸ்ஜிபிடி, இடுப்புச் சுற்று என்று நீங்கள் கேள்வியில் போட்ட மற்ற எண்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கின்றன.

முதலில் அளவுகோல். எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து எடுத்த சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மி.கி.க்குக் கீழே இருந்தால் சரி, 126-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய். நடுவில் இருப்பதை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100-லிருந்தே முன்நிலை (ப்ரீடயாபடீஸ்) என்கிறது, உலக சுகாதார நிறுவனம் 110-லிருந்து. ஏ1சி 5.7-க்குக் கீழே சரி, 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5-ம் மேலும் நோய். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் 140-க்குக் கீழே சரி, 140 முதல் 199 வரை முன்நிலை, 200-ம் மேலும் நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்து நோய் என்று முத்திரை குத்தக்கூடாது. இரண்டு வெவ்வேறு சோதனைகளோ, அதே சோதனை இரண்டு முறையோ எல்லையைத் தாண்ட வேண்டும். இவை எல்லாம் உறுதியானவை.

உங்கள் இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை என்பது ராத்திரி முழுக்க உங்கள் கல்லீரல் எவ்வளவு சர்க்கரையை ரத்தத்தில் விட்டது என்பதன் அளவு. சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் பெரிய வேலை தசைகளுடையது. கல்லீரல் இன்னும் சொன்னபடி கேட்டு, தசை மட்டும் மந்தமாகியிருந்தால் காலையில் 97 காட்டும், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு 170 போகும், மாலைக்குள் இறங்கிவிடும். அந்த ஏற்ற இறக்கம் காலை ரத்தத்தில் தெரியாது. ஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால் அதில் தெரியும். 6.0 என்பது சராசரியாக 125 மி.கி. சர்க்கரைக்குச் சமம். காலையில் 97 இருப்பவருக்குச் சராசரி 125 என்றால், நாளின் வேறு ஏதோ நேரத்தில் ஏறித்தான் இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த 97-ஏ சரியான 97-ஆ? கேம்ப் ரத்தத்தில் இந்தச் சந்தேகம் எப்போதும் எனக்கு உண்டு. ரத்தம் குழாய்க்குள் போன பிறகும் அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் வெயில் காலத்து அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். காலை 7 மணிக்குக் கம்பெனி கேன்டீனில் எடுத்து, எல்லோருக்கும் முடிந்து, பெட்டியில் வைத்து கோயமுத்தூர் லேபுக்குப் போய்ச் சேர 9 மணி ஆனால், 97 என்று வந்தது நிஜத்தில் 108, 110 ஆகக்கூட இருந்திருக்கலாம். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட, ஃப்ளோரைடு கலந்த குழாய் இருக்கிறது. அதுவும் முழுதாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அதனால் சீக்கிரம் பிரித்து வைப்பதே நல்லது. அடுத்த முறை லேபுக்கே நேரில் போய்க் கொடுங்கள், சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாயில்தான் எடுக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். ஏ1சிக்கு ஊதா மூடிக் குழாய், அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

ஏ1சிக்கு வேறு தொல்லைகள் உண்டு. அது அளப்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை, ஆகவே சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்ற கணக்கில்தான் அந்தச் சோதனையே நிற்கிறது. இரும்புச் சத்துக் குறைவான ரத்தசோகையில் ஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தம் நிறையப் போனவர்கள், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சிறுநீரகக் கோளாறுக்கு ரத்தம் ஊற ஊசி போடுபவர்கள் ஆகியோருக்குக் குறைவாகக் காட்டும். தலசீமியா, சிக்கிள் செல் போன்ற பரம்பரை ஹீமோகுளோபின் மாறுபாடு இருந்தால் எண் எந்தப் பக்கமும் தவறலாம். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது, ஆகவே மலையோரத்தில் இருந்து வருபவர்களுக்கு ஏ1சியை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியில்லை. உங்கள் ஹீமோகுளோபின் 14.6 என்பதால் உங்கள் விஷயத்தில் 6.0-ஐ நம்பலாம். ஆனால் இதைப் படிக்கும் பெண்கள் கவனியுங்கள்: தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 9 இருக்கும்போது ஏ1சி 5.9 வந்தால் பயப்படும் முன் ரத்தசோகையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஆக, நீங்கள் அடுத்து செய்ய வேண்டிய சோதனை 75 கிராம் குளுக்கோஸ் சோதனை. இதைச் சரியாகச் செய்யும் இடங்கள் குறைவு என்பதால் விவரமாகச் சொல்கிறேன். சோதனைக்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சாப்பிடுங்கள். பயந்து சோற்றைக் குறைத்துவிட்டுப் போனால் ரிசல்ட் தவறாகக் கூடுதலாக வரும். ஷிப்மென்ட் நேரத்தில் கண் விழித்த மறுநாளோ காய்ச்சல், சளி இருக்கும்போதோ போகாதீர்கள். ராத்திரி எட்டரைக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டால் காலை ஏழு மணிக்குப் போகலாம், நடுவில் தண்ணீர் மட்டும். முதல் ரத்தம் எடுத்ததும் 75 கிராம் குளுக்கோஸைக் கால் லிட்டருக்குச் சற்று மேலான தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரக் கணக்கு குடிக்க ஆரம்பித்த நிமிடத்திலிருந்து தொடங்குகிறது, குடித்து முடித்ததிலிருந்து இல்லை. அதுவரை உட்கார்ந்தே இருங்கள், வெளியே போய் நடக்கவும் புகைக்கவும் கூடாது. நடந்தால் தசை சர்க்கரையை இழுத்து எண் பொய்யாகக் குறையும். ஒரு மணி நேரத்திலும் ஒரு சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். 2024-ல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு, ஒரு மணி நேர அளவு 155-ம் அதற்கு மேலும் இருந்தால் முன்நிலை, 209-ம் மேலும் இருந்தால் நோய் என்று அறிவித்திருக்கிறது. எல்லா மருத்துவர்களும் இதை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஒரு ஊசி கூடுதலாகப் போனால் கிடைக்கும் தகவல் நல்லது. ‘ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க’ என்று எடுப்பது ஏற்கனவே மருந்து சாப்பிடுபவரின் கட்டுப்பாட்டைப் பார்க்க உதவும், புதிதாகக் கண்டுபிடிக்க உதவாது. இட்லியின் அளவு கடைக்குக் கடை வேறு. வீட்டு மீட்டரையும் இதற்கு நம்பாதீர்கள். தரச்சான்று பெற்ற மீட்டரே 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்ட அனுமதி உண்டு, தவிர சாப்பிட்டபின் விரல் நுனி ரத்தம் நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

இப்போது மற்ற எண்களுக்கு வருகிறேன். ட்ரைகிளிசரைடு 150-ஐத் தாண்டுவதும், ஆண்களுக்கு எச்டிஎல் 40-க்குக் கீழே போவதும் (பெண்களுக்கு 50) சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்றே பொருள். தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி வெளியே அனுப்புகிறது, அதுவே ட்ரைகிளிசரைடு. அனுப்பியது போக மிச்சம் கல்லீரலிலேயே தங்குகிறது, அதன் அடையாளமே எஸ்ஜிபிடி 58. கொழுப்பு படிந்த கல்லீரல் ராத்திரி சர்க்கரை விடுவதை நிறுத்தாது, அப்போதுதான் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஏறத் தொடங்கும். உங்கள் 97 அந்தக் கட்டத்துக்கு முன்னால் நிற்பதாக நான் வாசிக்கிறேன். இதைச் சரிபார்க்க வயிற்று ஸ்கேன் ஒன்று போதும். அதோடு மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் சோதனை ஒருமுறை செய்துவிடுங்கள், எஸ்ஜிபிடி ஏற அவையும் காரணமாகலாம். குடிப்பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ட்ரைகிளிசரைடும் எஸ்ஜிபிடியும் அதனாலேயே ஏறியிருக்கலாம், நான்கு வாரம் நிறுத்திவிட்டு 12 மணி நேரம் பட்டினியில் திரும்பப் பாருங்கள்.

இன்சுலின் 16 என்பதைச் சர்க்கரையோடு பெருக்கி 405-ஆல் வகுத்தால் 3.8 வருகிறது. இதை ஹோமா-ஐஆர் என்பார்கள், 2.5-ஐத் தாண்டினால் இன்சுலின் எதிர்ப்பு என்று பல இடங்களில் எழுதியிருக்கும். இங்கேதான் உறுதியும் ஐயமும் பிரிகின்றன. ஒரே ரத்தத்தை இரண்டு கம்பெனி கிட்டில் போட்டால் இன்சுலின் இரண்டு விதமாக வரும், எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை கிடையாது. ஆராய்ச்சியில் ஆயிரம் பேரை ஒப்பிட உதவும் எண் அது, ஒருவருக்கு முடிவு சொல்லும் எண் அல்ல. உங்கள் இடுப்புச் சுற்றும் ட்ரைகிளிசரைடும் அதையே சொல்லிவிட்டன, திரும்பக் காசு கொடுத்து எடுக்க வேண்டாம். பேக்கேஜில் வரும் எச்எஸ்-சிஆர்பி, யூரிக் அமிலம், ஹோமோசிஸ்டீன், வைட்டமின் டி எல்லாம் இதே வகை. வைட்டமின் டி குறைந்தவர்களுக்குச் சர்க்கரை அதிகம் வருகிறது என்பது கண்டது. ஆனால் முன்நிலையில் இருந்த 2,400-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தினம் 4,000 யூனிட் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (2019) குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. எலும்புக்குத் தேவை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை வராமல் இருக்க அல்ல. லூசின், வாலின் போன்ற ஐந்து அமினோ அமிலங்கள் நோய் வருவதற்கு 12 வருடம் முன்பே ரத்தத்தில் கூடியிருந்ததாக 2011-ல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு காட்டியது. அறிவியலுக்கு அது பெரிய செய்தி, இன்றைக்கு உங்களுக்கு அதனால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

ரத்தமே எடுக்காமல் ஆபத்தைக் கணிக்க ஒரு வழி சென்னையில் உருவாக்கப்பட்டு 2005-ல் வெளிவந்தது, இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் என்று பெயர். வயது 35 முதல் 49 வரை என்றால் 20, ஐம்பதும் மேலும் 30. ஆணுக்கு இடுப்பு 90 முதல் 99 செ.மீ. வரை 10, நூறும் மேலும் 20. பெண்ணுக்கு 80 முதல் 89 வரை 10, தொண்ணூறும் மேலும் 20. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. மொத்தம் 60-ஐத் தொட்டால் அதிக ஆபத்து. உங்களுக்கு 20, 10, 10, 30 என்று 70 வருகிறது. இதில் வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது, ஆனால் மீதி 40 மதிப்பெண் உங்கள் கையில். இடுப்பை அளக்கும்போது பேன்ட் சைஸை எழுதாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சட்டையைத் தூக்கிவிட்டு, மூச்சை வெளியே விட்ட நிலையில், நாடா தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். பேன்ட் 34 அங்குலம் போடுபவருக்கு இந்த இடத்தில் 38 அங்குலம் வருவது சகஜம், ஏனென்றால் பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது.

நாட்டுச்சர்க்கரை பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் இந்த நம்பிக்கையால் நிறையப் பேர் கெடுகிறார்கள். நாட்டுச்சர்க்கரை, அச்சு வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் கூடுதல், அவ்வளவே. ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராமுக்கு மேல் போகிறது. நிறம் மாறியதால் ரத்தத்தில் ஏறுவது மாறாது, ‘இது நல்லது’ என்று மூன்றாவது ஸ்பூன் போடும்போது கெடுதல் கூடுகிறது. தெளுவும் (பதநீர்) அப்படித்தான். இளநீர் ஒன்று பரவாயில்லை, ஆனால் தாகத்துக்குத் தண்ணீராக நினைத்து இரண்டு மூன்று குடிக்கக்கூடாது.

கம்பு நல்ல தானியம், நார்ச்சத்து வெள்ளை அரிசியைவிடப் பல மடங்கு. ஆனால் அதிலும் நூறு கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. குருணையாக உடைத்துக் களைந்து ஆக்கிய கம்பஞ்சோறு மெதுவாகச் செரிக்கும். மாவாக அரைத்துக் கரைத்த கூழ், மென்று தின்ன வேண்டிய வேலையே இல்லாமல், வேகமாக இறங்கும், ராகிக் கூழும் அப்படியே. ஒரு டம்ளர் கூழோடு மோர், சின்ன வெங்காயம், கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் என்றால் நல்ல சாப்பாடு. இரண்டு சொம்பு கூழும் ஊறுகாயும் என்றால் சோற்றுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நம் தட்டில் மாற்ற வேண்டியது தானியத்தின் பெயரைவிட அதன் அளவும் அதோடு சேரும் பருப்பும்தான். அரிசியும் பருப்புஞ்சாதத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு போடுவது வழக்கம். அரிசி நூறு கிராமில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து, புரதம் 7, 8 கிராம்தான். பருப்பு நூறு கிராமில் புரதம் 22 கிராம், நார்ச்சத்தும் அதிகம். ஒரு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பருப்பு என்று ஆக்கிப் பாருங்கள், சுவை கெடாது, கொஞ்சம் கூடத் தண்ணீர் விட வேண்டியிருக்கும், சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாகப் போடலாம். அதில் இரண்டு கரண்டி, கூடவே அதே அளவு பீர்க்கங்காயோ அவரையோ கீரையோ பொரியல், ஒரு கப் தயிர். கொள்ளுப் பருப்பு, தட்டப்பயிறு, பாசிப்பயிறு என்று நம் ஊரில் இல்லாத பயறு இல்லை, அதை ரசத்தில் மட்டும் காட்டாமல் கட்டியாகவே கடைந்து சாப்பிட வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், இரண்டு சாப்பிடலாம். முதலில் பொரியலையும் பருப்பையும் முட்டையையும் பாதி முடித்துவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போனால், அதே அளவு சோற்றுக்கே சர்க்கரை குறைவாக ஏறும் என்பது பல சிறிய ஆய்வுகளில் கண்டது. வருடக்கணக்கில் இது நோயைத் தடுக்குமா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை, ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. தேங்காயும் நெய்யும் நேரடியாகச் சர்க்கரையை ஏற்றாது, எடையை ஏற்றும். ஒரு ஸ்பூன் ஊத்துக்குளி நெய்க்கு நான் தடை சொல்லமாட்டேன்.

உங்கள் வேலையில் உண்மையான ஆபத்து மத்தியானச் சாப்பாட்டைவிடப் பேக்கரியில் இருக்கிறது. பதினொரு மணிக்கு டீயும் பஃப்ஸும், நாலு மணிக்கு டீயும் தேங்காய் பன்னும், ஏழு மணிக்கு மறுபடி என்று போனால் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே இன்னொரு முழுச் சாப்பாடு மைதாவிலும் டால்டாவிலும் போகிறது. டீயை நிறுத்த வேண்டாம், சர்க்கரை அரை ஸ்பூன் போதும் என்று சொல்லிப் பழகுங்கள், இரண்டு வாரத்தில் நாக்கு ஏற்றுக்கொள்ளும். பண்டத்துக்கு ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலை.

அடுத்தது தசை. வாரம் 150 நிமிட வேக நடை என்பது அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் (2002) பயன்பட்ட அளவு, பேசலாம் ஆனால் பாட முடியாது என்கிற வேகம். அதைவிட எளிதாகத் தொடங்கக் கூடியது சாப்பிட்ட அரைமணிக்குள் 10, 15 நிமிட நடை. மத்தியானம் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே போதும், ராத்திரி தெருவில். தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை இழுக்கும், ஆகவே இன்சுலின் சரியாக வேலை செய்யாதவருக்கு இதில் லாபம் அதிகம். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 12 முறை, மேசை விளிம்பில் கையூன்றித் தண்டால் 10 முறை, இரண்டு கையிலும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனோடு மாடிப்படி ஏறுவது, இவற்றை மூன்று சுற்று. முழங்கால் வலி இருந்தால் நாற்காலிக்கு அடியில் பலகை வைத்து உயர்த்துங்கள். எடை குறைந்தும் தொப்பை இருக்கும் நம் உடல்வாகுக்கு வெறும் பட்டினியைவிட இது முக்கியம். பட்டினியில் தசையும் சேர்ந்து போய்விடும்.

எடையில் 3.5 முதல் 5 கிலோ குறைந்தால் போதும், அவசரம் வேண்டாம், மாதம் ஒரு கிலோ. அந்த அமெரிக்க ஆய்வில் ஒவ்வொரு கிலோ குறைந்ததற்கும் ஆபத்து ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்தது. சென்னையில் நடந்து 2006-ல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதைவிட நமக்கு நெருக்கமானது. குளுக்கோஸ் சோதனையில் முன்நிலை உறுதியான 531 பேர். அறிவுரை தவிர வேறொன்றும் இல்லாதவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது, உணவும் நடையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் பலன் இருந்தது. இதில் இரண்டு செய்தி உண்டு. எடைக்காட்டி முள் அசையவில்லை என்று நடப்பதை விடாதீர்கள். உணவும் நடையும் மாற்றியவர்களிலும் நூற்றுக்கு 39 பேருக்கு வந்தும் இருக்கிறது. அப்படி வந்தால் அது உங்கள் குற்றம் இல்லை, தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடமும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் லாபம்.

தூக்கம், இரவு வேலை, புகை மூன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். புகைப்பவருக்கு ஆபத்து 30 முதல் 40 சதவீதம் கூடுதல். சில ராத்திரி தூக்கம் கெட்டாலே இன்சுலின் வேலை மந்தமாவது சோதனையில் தெளிவாகக் கண்டது. இரவு ஷிஃப்டுக்கும் நோய்க்கும் தொடர்பு பல நாட்டு ஆய்வுகளில் உண்டு, ஆனால் ஷிஃப்டே காரணமா, அதோடு வரும் புரோட்டாவும் டீயும் காரணமா என்று முழுதாகப் பிரிக்க முடியவில்லை. ஷிப்மென்ட் ராத்திரிகளில் முழுச் சாப்பாட்டை எட்டு மணிக்கே முடித்துக்கொண்டு, இரண்டு மணிக்குப் பசித்தால் முட்டையோ சுண்டலோ சாப்பிடுங்கள். சத்தமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மஞ்சள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, கட்டாயம் யாராவது கேட்பீர்கள். தாய்லாந்தில் முன்நிலையில் இருந்த 240 பேரிடம் ஒன்பது மாதம் நடந்த ஆய்வில் (2012) குர்குமின் (மஞ்சளில் உள்ள சத்து) மாத்திரை எடுத்தவர்கள் ஒருவருக்கும் நோய் வரவில்லை, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதத்துக்கு வந்தது. ஆனால் அது ஒரே ஒரு ஆய்வு, அவ்வளவு பெரிய பலன் வேறு எங்கும் அதே மாதிரி கிடைக்கும்வரை நம்பித் திட்டம் போடக்கூடாது. அங்கே கொடுத்தது தினம் ஒன்றரை கிராம் குர்குமின். நல்ல மஞ்சள் தூளில் குர்குமின் 3 முதல் 5 சதவீதம்தான், அந்த அளவைத் தூளாகத் தின்ன 30 முதல் 50 கிராம் வேண்டும். அடர்த்தியான மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டதும் பதிவாகியிருக்கிறது, உங்களுக்கு ஏற்கனவே எஸ்ஜிபிடி 58. குழம்பில் போடும் மஞ்சள் போதும். பூச்சி மருந்தால்தான் நம் கிராமங்களில் சர்க்கரை கூடுகிறது என்றும் பேச்சு உண்டு. நல்லாம்பட்டி என்ற விவசாயக் கிராமத்தில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு, கிராமத்திலும் இந்த நோய்கள் நினைத்ததைவிட அதிகம் என்று காட்டியது. பூச்சி மருந்துக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று விலங்குச் சோதனையும் சில கணக்கெடுப்புகளும் சொல்கின்றன, காரணம் என்று உறுதிப்படவில்லை.

மாத்திரை வேண்டுமா என்றால், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை முன்நிலையில் பலன் தரும். சென்னை ஆய்வில் உணவு, நடை மாற்றத்துக்குக் கிட்டத்தட்ட இணையான பலன் கிடைத்தது, இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் லாபம் கிடைக்கவில்லை. ஏ1சி 6.0 என்பது அதை யோசிக்கத் தொடங்கும் எல்லை. குளுக்கோஸ் சோதனையில் இரண்டு மணி நேர அளவு 180-ஐ ஒட்டி வந்தால் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், 150-ஐ ஒட்டி வந்தால் ஆறு மாதம் மேலே சொன்னதைச் செய்து பார்க்க நேரம் இருக்கிறது. நேரில் பார்க்காமல் மாத்திரை விஷயத்தில் இதற்கு மேல் நான் சொல்ல முடியாது. வேறு ஏதாவது மருந்து எடுத்தால் அதையும் அவரிடம் காட்டுங்கள். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ எடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். கொழுப்புக்கான ஸ்டாட்டினும் சிறிதளவு ஏற்றும், ஆனால் இதயத்துக்கு அதனால் வரும் நன்மை பெரிது, யாரும் தானாக நிறுத்த வேண்டாம்.

ஏ1சியை மூன்று மாதம் கழித்துத்தான் திரும்ப எடுக்க வேண்டும், பதினைந்து நாளில் எடுத்தால் பழைய அணுக்களையே அளப்பீர்கள். அதே லேபில், முடிந்தால் எச்பிஎல்சி என்ற துல்லியமான சோதனை முறையில் எடுங்கள். 6.0 அடுத்த முறை 5.9 ஆனால் மகிழவும் 6.1 ஆனால் கலங்கவும் வேண்டாம், அது சோதனையின் இயல்பான ஊசலாட்டம். 0.3-க்கு மேல் நகர்ந்தால்தான் பொருள் உண்டு. ட்ரைகிளிசரைடு அதற்குள்ளேயே இறங்கிக் காட்டும், இடுப்பு நாடா அதற்கும் முன்னால்.

இடையில் எடை தானாகக் குறைந்தாலோ, ராத்திரி மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தாலோ, தாகம் அடங்காமல் இருந்தாலோ மூன்று மாதம் காத்திருக்காதீர்கள், அன்றே எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி அடிக்கடி வந்த பழக்கம் இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். கணையத்தில் கல் உருவாகி வரும் சர்க்கரை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அறியப்பட்ட ஒன்று, அதற்குச் சோதனையும் வைத்தியமும் வேறு.